16 இன்ச் போடலாமுங்களா?
வாசகர் கேள்வி – பதில்: வீல், டயர், ஆஃப்செட்

என்னுடைய ஸ்விஃப்ட் 2019 மாடல். 165/80 ஆர்14 டயர், இரும்பு ரிம். அலாய் மாத்தலாம்னு கடைக்குப் போனா 16 இன்ச், 7 ஜே அகலம், ஆஃப்செட் 35 ரிம்மும் 205/55 ஆர்16 டயரும் எடுத்து வெச்சுட்டாங்க. பார்க்க அம்சமாத்தான் இருக்குதுங்க. நாலு பேரோட அடிக்கடி பழனி போற வண்டி. போடலாமுங்களா?
– ரா. ச., பல்லடம்

இந்த ஜோடி வேண்டாம். 16 இன்ச் என்பது இதில் சிக்கல் இல்லை. கடைக்காரர் கையில் இருந்த அகலமும் ஆஃப்செட்டும்தான் சிக்கல்.

உயரத்தை முதலில் பார்ப்போம். 165/80 ஆர்14 டயரில் 165 என்பது மி.மீ.யில் டயர் அகலம். பக்கச்சுவர் அந்த 165-ல் 80 சதம், அதாவது 132 மி.மீ. இரண்டு பக்கமும் சேர்த்து 264. ரிம் விட்டம் 14 × 25.4 = 355.6. மொத்தம் 619.6 மி.மீ. இதே கணக்கில் 205/55 ஆர்16 போட்டால் 631.9 வரும், 2 சதம் உயரம். மீட்டர் 100 காட்டும்போது வண்டி 102-ல் போகும். அது மட்டும் என்றால் பெரிய விஷயம் இல்லை. ஆனால் 12 மி.மீ. உயரத்தோடு 40 மி.மீ. அகலமும் சேர்கிறதே, அங்கேதான் இடிக்கும்.

அகலக் கணக்கு இப்படி. உங்கள் இரும்பு ரிம்மின் பின்பக்கம் அகலமும் ஆஃப்செட்டும் அச்சிட்டிருக்கும். ஆஃப்செட் 45 என்று வைத்துக்கொள்வோம். ரிம்மின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் (வண்டியில் வீலைத் தாங்கிச் சுழலும் நடுப்பகுதி) போய் உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம்தான் அது. எண் குறையக் குறைய வீல் வெளியே வரும். 45 இருந்த இடத்தில் 35 போட்டால் நடுக்கோடு 10 மி.மீ. வெளியே நகரும். டயர் அகலம் 40 கூடுவதால் இரண்டு பக்கமும் 20. ஆகவே வெளியே 30 மி.மீ. பிதுங்கும், உள்ளே ஷாக் அப்சார்பர் பக்கம் 10 மி.மீ. நெருங்கும். உள்ளே 10 தாங்கும். வெளியே 30 என்றால் நாலு பேரும் பையும் ஏறிய பிறகு ஒவ்வொரு வேகத்தடையிலும் பின் மட்கார்டு டயரைச் சீவும்.

இதே வண்டியின் மேல் மாடலுக்கு கம்பெனியே தரும் அளவு 185/65 ஆர்15. விட்டம் 621.5, உங்கள் டயரோடு 2 மி.மீ. கூட வித்தியாசம் இல்லை. 15 இன்ச், 5.5 அல்லது 6 ஜே (ஜே எண் இன்ச்சில் ரிம்மின் அகலம்), ஆஃப்செட் 40 முதல் 45 எடுங்கள். என்னைக் கேட்டால் இந்த வண்டிக்கு இதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 16-தான் வேண்டும் என்றால் 195/55 ஆர்16, 6 ஜே, ஆஃப்செட் 40 முதல் 45. விட்டம் 620.9. ஆனால் பக்கச்சுவர் 132-லிருந்து 107 மி.மீ. ஆகிவிடும். குழியில் விழுந்தால் அந்த 25 மி.மீ. ரப்பர் இல்லாத குறை நேராக ரிம்மின் உதட்டுக்குப் போகும். பல்லடம் சுற்று ரோடுகள் உங்களுக்கே தெரியும்.

வாங்கும் முன் ரிம்மைத் தராசில் வைத்துப் பாருங்கள். விலை குறைந்த 16 இன்ச் வார்ப்பு ரிம், இப்போது இருக்கும் இரும்பு ரிம்மைவிடக் கனமாக இருப்பது சகஜம். பெரிய டயரின் கனமும் அதோடு சேர்ந்தால் பிக்கப்பும் மைலேஜும் குறையும்.

ஆஃப்செட் எண் ரிம்மில் அழிஞ்சு போச்சு. வீட்டிலேயே அளக்க வழி இருக்குதுங்களா? டயர் இடிக்குமா இடிக்காதான்னு மாட்டிப் பார்க்காமலே தெரிஞ்சுக்கலாமா?
– க. மு., காங்கேயம்

முடியும். வெறும் ரிம்மை முகம் கீழே பார்க்கும்படி சாக்கின் மேல் கவிழ்த்து வையுங்கள். பின்பக்க விளிம்பின் மேல் நேரான அலுமினியப் பட்டையைக் குறுக்கே போட்டு, அதிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் வரை ஆழத்தை அளங்கள். பிறகு ரிம்மின் மொத்த அகலத்தை விளிம்பு முதல் விளிம்பு வரை அளங்கள். ஆழத்தில் மொத்த அகலத்தின் பாதியைக் கழித்தால் ஆஃப்செட். 6 ஜே ரிம் ஒன்றில் மொத்த அகலம் 178, ஆழம் 129 வந்தால், 129 – 89 = 40. இதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 6 ஜே என்பது டயர் உட்காரும் இடத்தின் அகலம், 152.4 மி.மீ. விளிம்புகளின் தடிமன் அதில் சேராது. மொத்த அகலத்துக்குப் பதில் 152-ஐப் பாதியாக்கினால் விடை 53 என்று வந்து நிற்கும், தப்பான ரிம்மை வாங்கி வந்துவிடுவீர்கள்.

வண்டியில் இடம் பார்க்க கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். சமதளத்தில் நிறுத்தி, மட்கார்டு உதட்டில் வீலின் நேர் மேலே நூலைப் பிடித்துத் தொங்க விடுங்கள். நூலுக்கும் டயரின் புடைத்த பக்கத்துக்கும் இடையே எத்தனை மி.மீ. என்று குறித்துக்கொள்ளுங்கள். புதிய வீல் வெளியே வரும் அளவு அந்த எண்ணைத் தாண்டினால் டயர் மட்கார்டுக்கு வெளியே துருத்தும். பின்சீட்டில் மூன்று பேரை உட்கார வைத்து இன்னொரு முறை அளங்கள். உள்ளே, டயருக்கும் ஷாக் அப்சார்பருக்கும் நடுவே சுண்டுவிரல் தாராளமாக நுழைய வேண்டும். வீல் மாட்டிய பிறகும் 5 மி.மீ.க்குக் குறையாத இடைவெளி வேண்டும்.

மாட்டியதும் மட்கார்டின் உள் பிளாஸ்டிக்கில் சாக்பீஸை அழுத்தித் தேய்த்துவிட்டு, ஆள் ஏற்றிக்கொண்டு வேகத்தடைகளில் ஏற்றி இறக்குங்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்து ரிவர்ஸும் எடுங்கள். சாக்பீஸ் அழிந்த இடம்தான் உரசும் இடம்.

15 இன்ச், 7 ஜே, ஆஃப்செட் 25 அலாய் போட்டேன், டயர் 195/60. கம்பெனி டயர் 185/65, ஆஃப்செட் 45. ஆழியார் தாண்டி வால்பாறை ஏறும்போது கொண்டை ஊசி வளைவுல பின்னாடி 'கர்ர்'னு சத்தம். கடையில ஸ்பேசர் போட்டா சரியாயிடும்கிறாங்க. ஸ்டியரிங் வேற குழியில வெடுக்குனு இழுக்குது.
– பொள்ளாச்சி வாசகர்

ஸ்பேசர் போட்டால் சத்தம் கூடும். ஸ்பேசர் என்பது ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே செருகி வீலை வெளியே தள்ளும் தட்டு. உங்கள் வீல் ஏற்கெனவே வெளியேதான் நிற்கிறது. 45-லிருந்து 25 வந்ததில் நடுக்கோடு 20 மி.மீ. வெளியே, டயர் அகலம் கூடியதில் இன்னொரு 5, ஆக 25. உள்பக்கம் முன்பைவிட 15 மி.மீ. காலியாகக் கிடக்கிறது. 10 மி.மீ. ஸ்பேசர் சேர்த்தால் ஆஃப்செட் 15 ஆனதற்குச் சமம்.

வால்பாறை ரோட்டின் 40 கொண்டை ஊசிகளில் வெளிப்பக்கப் பின் வீலின் மேல் பாரம் சாயும்போது மட்கார்டு உதடு டயரின் தோளில் இறங்குகிறது. உதட்டை மடித்துவிடலாம், ஸ்பிரிங்கில் ரப்பர் பஃபர் செருகலாம் என்று அடுத்துச் சொல்வார்கள். உதட்டை மடித்தால் பெயின்ட் வெடித்துத் துரு ஏறும். பஃபர் போட்டால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு முரட்டுத்தனமாக ஓடும். இரண்டுமே நோயை விட்டுவிட்டு வலிக்கு மருந்து போடுவது.

ஸ்டியரிங் இழுப்பதும் ஆஃப்செட் செய்யும் வேலைதான். ஸ்டியரிங் திரும்பும் அச்சு ரோட்டைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரத்தைக் கணித்துத்தான் முன் சஸ்பென்ஷனை வடிவமைக்கிறார்கள். டயர் நடுவை 20 மி.மீ. வெளியே நகர்த்தினால் அந்தத் தூரம் மாறும். ஒரு வீல் குழியில் இடித்தாலும், ஒரு பக்கம் மட்டும் ஈரத்தில் பிரேக் பிடித்தாலும் அந்த இழுப்பு நேராகக் கைக்கு வரும். வீல் பேரிங்குக்கும் நெம்புகோல் நீளம் கூடுகிறது. கொஞ்ச நாளில் ஊளைச் சத்தம் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

195/60 டயருக்கு 7 ஜே என்பது அனுமதித்த அகலத்தின் கடைசி விளிம்பு. 6 ஜேதான் பொருத்தம். ரிம்மைத் திருப்பிக் கொடுத்துவிட்டு 6 ஜே, ஆஃப்செட் 40-க்கு மாறுங்கள். டயர்கள் அப்படியே உதவும்.

புது அலாய் போட்டதுல இருந்து நீலாம்பூர் பைபாஸ்ல 85, 90-ல ஸ்டியரிங் நடுங்குது. மூணு தடவை பேலன்சிங் பண்ணியாச்சு.
– சூலூர் வாசகர்

நாலாவது முறை பேலன்சிங்குக்குக் காசு கொடுக்காதீர்கள். ரிம்மின் நடு ஓட்டையைப் பாருங்கள். சுஸுகி, ஹூண்டாய், டொயோட்டா சின்னக் கார்களின் ஹப் விட்டம் 54.1 மி.மீ., ஹோண்டாவில் 56.1. வெளியில் விற்கும் அலாய் பலவும் எல்லா வண்டிக்கும் ஆகட்டும் என்று 73.1 மி.மீ. ஓட்டையோடு வரும். பேலன்சிங் மெஷினில் கூம்பு ரிம்மை நடுவில் பிடித்துக்கொள்வதால் பேலன்ஸ் சரியாகக் காட்டும். வண்டியில் மாட்டும்போது வீல் நட்டுகளை மட்டும் நம்பித் தொங்குகிறது. அரை மி.மீ. விலகினாலும் 90-ல் நடுக்கம் வரும். ஓட்டைக்கும் ஹப்புக்கும் நடுவே இருக்கும் இடத்தை நிரப்பும் வளையம்தான் ஹப் ரிங். 73.1-க்கு 54.1 அளவில் நான்கு வாங்குங்கள். உங்கள் ரிம்மின் ஓட்டை 73.1-தானா என்று வெர்னியரில் அளந்துவிட்டு வாங்குங்கள்.

மாட்டும் முன் ஹப் முகத்தில் இருக்கும் துருவைக் கம்பி பிரஷ் போட்டுத் தேயுங்கள். வீலைத் தரையில் இறக்காமல், ஜாக்கி மேல் இருக்கும்போதே நட்டுகளை எதிரெதிராக மிதமாக இறுக்கி, பிறகு இறக்கி டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ரெஞ்ச்) முடியுங்கள். அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். ஏர் கன்னால் ஒரே மூச்சில் இறுக்குவதைத் தடுத்து நிறுத்துங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை மறுபடி ரெஞ்ச் போட வேண்டும்.

உக்கடத்துல பழைய ஃபியட் பாலியோ அலாய் நல்ல நிலையில கிடைச்சுது. நாலு ஓட்டைதானுங்களே, ஸ்விஃப்டுக்கு ஏறுதுங்க!
– கோவை வாசகர்

ஏறும், ஆனால் உட்காராது. பிசிடி என்பது நட்டு ஓட்டைகளின் நடுப்புள்ளிகள் வழியாகப் போகும் வட்டத்தின் விட்டம். பாலியோவின் பிசிடி 4×98 (நாலு ஓட்டை, 98 மி.மீ.), ஸ்விஃப்டுக்கு 4×100. ஒவ்வொரு ஓட்டையும் நடுவிலிருந்து 1 மி.மீ. தள்ளி இருக்கிறது. நட்டு கோணலாக இழுத்துப் பிடிக்கும், நட்டு ஏறும் ஸ்டட் கம்பி வளையும், ஓட ஓட நட்டு தளரும். ஓட்டையைக் குடைந்து பெரிதாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பட்டறைப் பக்கமே போகாதீர்கள். நாலு ஓட்டை ரிம்மில் பிசிடி அளப்பது சுலபம். எதிரெதிர் ஓட்டைகளில், ஒன்றின் இடது ஓரத்திலிருந்து மற்றதன் இடது ஓரம் வரை அளந்தால் போதும்.

பழைய அலாய் எது வாங்கினாலும் உள்பக்கப் பீப்பாயைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். வெல்டிங் தடமோ, ஒரு இடத்தில் மட்டும் புதுப் பெயின்டோ இருந்தால் விட்டுவிடுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையும், தாங்கும் எடை எத்தனை கிலோ என்ற எண்ணும் பின்பக்கம் இருக்க வேண்டும்.

வேகன் ஆர் 1.0, டயர் 155/80 ஆர்13. 14 இன்ச் போடலாமா?
– கோபி வாசகி

தாராளமாக. 1.2 மாடலுக்கு கம்பெனி தரும் 165/70 ஆர்14-ஐயே போடுங்கள். விட்டம் 578-லிருந்து 587 ஆகும், ஒன்றரைச் சதம். எடைக் குறியீடு 79-க்கு 81, அதாவது 437 கிலோ தாங்கிய டயருக்குப் பதில் 462 கிலோ. ரிம் 5 ஜே.

போலோவுக்கு வெளி அலாய் போட்டேன். பழைய போல்ட்டையே போட்டுக் கொடுத்துட்டாங்க. சரிதானுங்களா?
– ஈரோடு வாசகர்

சரியில்லை, இன்றே பாருங்கள். போலோவின் போல்ட் எம்14×1.5 (14 மி.மீ. தடிமன், புரி இடைவெளி 1.5 மி.மீ.), அதன் தலைக்கு அடிப்பகுதி உருண்டையாக இருக்கும். வெளி அலாய் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு ஓட்டையோடு வரும். உருண்டை, கூம்புக்குள் ஒரு மெல்லிய கோட்டில்தான் தொடும். எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. கூம்புத் தலை போல்ட் வாங்குங்கள். ஹப்புக்குள் எத்தனை சுற்று போகிறது என்று விரலால் திருகி எண்ணுங்கள். பழைய ரிம்மில் போன அதே அளவு ஆழம் போக வேண்டும்.

சுஸுகிக்காரர்களும் கவனியுங்கள். உங்கள் நட்டு எம்12×1.25, ஹூண்டாய், டொயோட்டா, ஹோண்டாவுடையது எம்12×1.5. மாற்றிப் போட்டால் இரண்டு சுற்று ஏறிவிட்டு இறுகும். அதை ரெஞ்ச் போட்டு அழுத்தினால் ஸ்டட்டின் புரி போய்விடும்.

அலாய் மாத்தினா இன்சூரன்ஸ் செல்லாதுங்கிறாங்களே?
– அவிநாசி வாசகர்

கம்பெனி அந்த மாடலுக்குக் கொடுக்கும் அளவுகளுக்குள் இருந்து, பாலிசியில் கூடுதல் பொருத்துதலாக எழுதி, பில்லையும் வைத்திருந்தால் வாதத்துக்கு இடம் குறைவு. எழுதாமல் விட்டால் வீல் சேதத்துக்குப் பணம் வராது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 தயாரிப்பாளரின் குறிப்பிலிருந்து வண்டி மாறக்கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. மட்கார்டுக்கு வெளியே நிற்கும் டயர் சோதனையில் முதலில் கண்ணில் படும்.

நாலு வீலும் 16 இன்ச், 195/55. ஸ்டெப்னி மட்டும் பழைய 14 இரும்பு, 165/80. அவசரத்துக்கு ஆகுமா?
– தாராபுரம் வாசகர்

ஆகும். விட்டம் 620.9-க்கு 619.6, ஏறக்குறைய ஒன்றே. ஆனால் முன் வீல் பஞ்சரானால் ஸ்டெப்னியை முன்னால் போடாதீர்கள். பின் வீல் ஒன்றைக் கழற்றி முன்னே போட்டுவிட்டு, ஸ்டெப்னியைப் பின்னே மாட்டுங்கள். பிரேக்கும் இழுவையும் முன்னால்தான் அதிகம், அங்கே இரண்டும் ஒரே டயராக இருக்கட்டும். 60-க்கு மேல் போகாமல் அடுத்த பஞ்சர் கடை வரை ஓட்டுங்கள். இரும்பு ரிம்முக்கு உரிய பழைய நட்டு நான்கையும் ஒரு பையில் கட்டி ஜாக்கியோடு டிக்கியில் போட்டு வையுங்கள். அலாய்க்கு வாங்கிய நட்டு சில சமயம் இரும்பு ரிம்மின் ஓட்டையில் சரியாக உட்காராது. அலாய்க்கு மெல்லிய சாவி நட்டு வாங்கியிருந்தால் அதன் சாவியும் அதே பையில் இருக்க வேண்டும்.