டி.சி. வாங்காதீர்கள்

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு வயது 19. அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, இப்போது அரசு கலைக் கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். விசைத்தறி ஓட்டிய அப்பா இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அம்மா தறிக்கு நூல் தார் சுற்றும் வேலைக்குப் போகிறார். தம்பி பத்தாம் வகுப்பு படிக்கிறான். எனக்கு நுரையீரல் காசநோய் என்று கண்டுபிடித்து, மூன்றாவது மாதமாக மாத்திரை சாப்பிடுகிறேன். வருகைப்பதிவு 50 சதவீதத்திற்கும் கீழே போய்விட்டது. அப்பாவின் வைத்தியத்திற்காக வாங்கிய கடனை அடைக்க, சென்ற சித்திரையில் அம்மா உள்ளூர் ஃபைனான்ஸ்காரரிடம் 40,000 ரூபாய் வாங்கினார். 12 சதவீத வட்டி என்று சொல்லி, மாதம் 3,734 ரூபாய் வீதம் 12 தவணை போட்டிருக்கிறார். அசல் குறைந்துகொண்டே வரும்போது வட்டி மட்டும் ஏன் குறையவில்லை என்று கேட்டதற்கு, "படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு" என்று சிரித்தார். டி.சி.யை வாங்கிவிட்டு வேலைக்குப் போ என்கிறார் பெரியப்பா. எனக்கு சி.ஏ. படிக்க வேண்டும் என்று ஆசை. நான் என்ன செய்யட்டும்?
– வாசகி, குமாரபாளையம்

பதில்: டி.சி. மட்டும் வாங்காதீர்கள். மற்ற எல்லாவற்றுக்கும் பிறகு வழி தேடிக்கொள்ளலாம். மாற்றுச் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டால், கல்லூரியின் பார்வையில் நீங்கள் படிப்பை விட்டுப் போனவர். திரும்பி வர நினைத்தால் புதிய மாணவியாக முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக, மருத்துவச் சான்றை இணைத்து, படிப்பை இடையில் நிறுத்தி அடுத்த ஆண்டு மீண்டும் சேர அனுமதி கோரி, துறைத் தலைவர் வழியாக முதல்வருக்கு ஒரு கடிதம் கொடுத்து, அதன் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ளுங்கள். நம் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் 75 சதவீத வருகை கட்டாயம். 65 வரை மருத்துவச் சான்றும் கட்டணமும் கொடுத்து விலக்குப் பெறலாம். 50க்குக் கீழே இறங்கினால் அந்தப் பருவத்தையே மறுபடி படிக்க வேண்டும். ஆகையால் உங்களுக்கு ஓர் ஆண்டு பின்தங்கத்தான் செய்யும். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வணிகவியல் வகுப்பெடுத்தவன்; ஓர் ஆண்டு பின்தங்கியவர்களைவிட, ஒருவரிடமும் சொல்லாமல் நின்றுபோனவர்களையே அதிகம் இழந்திருக்கிறேன்.

இனி நோயைப் பார்ப்போம். உங்கள் பகுதியில் இந்த நோயின் பேரைச் சொன்னாலே, காசநோயாளிகளை மாதக்கணக்கில் தங்கவைத்த பெருந்துறை சானடோரியத்தை நினைத்துக்கொள்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. பெரியப்பாவின் அச்சத்திலும் அதில் பாதி இருக்கலாம். அன்றைய மதராசில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்ட நோயாளிகளும் சானடோரியத்தில் தங்கியவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைகிறார்கள் என்று 1959-இல் நிறுவியது. வீட்டில் வைத்துச் சிகிச்சை அளித்ததால் உடன் இருந்தவர்களுக்குக் கூடுதலாக நோய் பரவவில்லை என்றும் அந்த ஆய்வின் தொடர்ச்சி காட்டியது. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு, சேத்துப்பட்டில் இன்றும் இயங்கிவரும் அந்த நிறுவனத்தின் ஆய்வு ஒரு முக்கியக் காரணம். இதைப் பெரியப்பாவுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

சாதாரண காசநோய்க்கு மொத்தம் ஆறு மாதச் சிகிச்சை: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பின் நான்கு மாதம் மூன்று மருந்துகள். மூன்றாவது மாதத்தில்தான் இருமல் நின்று, எடை ஏறி, "எனக்குச் சரியாகிவிட்டது" என்ற எண்ணம் வரும். பலர் மாத்திரையை விடுவதும், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயை வரவழைத்துக்கொள்வதும் இந்தக் கட்டத்தில்தான். சிறுநீர் செம்மஞ்சளாகப் போவதற்குப் பயப்பட வேண்டாம். அது மருந்தின் நிறம். ஆனால் கண் மஞ்சளானாலோ, பார்வை மங்கினாலோ, சிவப்பும் பச்சையும் வேறுபாடின்றித் தெரிந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். எத்தாம்புட்டால் என்ற மருந்து அரிதாகச் சிலருக்குக் கண் நரம்பைப் பாதிக்கும். கணக்கேடு பார்த்துப் பிழைக்கப் போகிற பெண் கண்ணில் அலட்சியம் காட்டக் கூடாது. தம்பிக்கும் அம்மாவுக்கும் பரிசோதனை செய்தாயிற்றா என்று நீங்கள் எழுதவில்லை. செய்யவில்லை என்றால் இந்த வாரமே அழைத்துப் போங்கள். நோய் இல்லாதவர்களுக்கும் தடுப்பு மருந்து உண்டு.

மருந்து இலவசம். ஊட்டச்சத்துக்காக மத்திய அரசு மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்தது. 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். உங்கள் வங்கிக் கணக்கு எண் மருத்துவமனைப் பதிவில் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். கடன் தவணை தானாகப் பிடிக்கப்படுகிற அம்மாவின் கணக்கைக் கொடுத்துவிடாமல், உங்கள் பெயரில் உள்ள கணக்கையே கொடுங்கள். முட்டைக்கும் பயறுக்கும் வந்த பணம் வட்டிக்குப் போகக் கூடாது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் நீங்கள் பெற்றுவருகிறவராக இருந்தால், இடைநிற்பதற்கு முன்பே கல்லூரியில் அதற்குப் பொறுப்பான ஆசிரியரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். தொலைதூரக் கல்விக்கு மாறிவிடு என்று யாராவது யோசனை சொன்னால் அவசரப்பட வேண்டாம். அங்கே இந்தத் தொகை கிடையாது, தினமும் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிற தோழியும் கிடையாது.

ஃபைனான்ஸ்காரரிடம் நீங்கள் கேட்ட கேள்வி இருக்கிறதே, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அவர் போட்டது 'ஃப்ளாட்' வட்டி; அசல் குறையக் குறைய அல்லாமல், முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி வரை வட்டி போடுகிற முறை. முதல் மாதம் அம்மாவின் கையில் இருந்த கடன் 40,000. கடைசி மாதம் இருக்கப்போவது சுமார் 3,300. ஆண்டு முழுவதற்கும் சராசரி பார்த்தால் அம்மா உண்மையில் பயன்படுத்துகிற அசல் 21,700 ரூபாய் அளவில்தான் இருக்கும். அதற்கு 4,800 ரூபாய் வட்டி என்றால், 12 சதவீதம் எங்கே போயிற்று? தவணை முறைப்படி துல்லியமாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 21.5 சதவீதம் வருகிறது. குறையும் அசலுக்கு 12 சதவீதம் போட்டிருந்தால் மாதத் தவணை 3,554 ரூபாய்தான். மாதத்திற்கு 180 ரூபாய் வித்தியாசம்; உங்கள் வீட்டில் 180 ரூபாய்க்கு என்ன மதிப்பு என்பது எனக்குத் தெரியும். இந்தக் கணக்கை நீங்களே ஒரு முறை தாளில் போட்டுப் பாருங்கள். பாடப்புத்தகத்தில் பணத்தின் காலமதிப்பு என்று வருகிற அத்தியாயம் முழுவதும் இதற்குள் அடங்கியிருக்கிறது.

பதிவு பெற்ற நிறுவனங்களிலிருந்து அம்மா குழுக் கடனும் வாங்கியிருந்தால், 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கியின் விதிகளைத் தெரிந்து வைத்திருங்கள். எல்லாக் கடனுக்குமான மாதத் தவணை குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வசூலுக்கு வருகிறவர் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ தொலைபேசியில் அழைக்கக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது.

சி.ஏ.வுக்கு வருகிறேன். பி.காம். பட்டத்தில் 55 சதவீதம் எடுத்தால், அடிப்படைத் தேர்வு எழுதாமல் நேராக இடைநிலைக்குப் பதிவு செய்யலாம். எனவே இப்போது கட்டணம் கட்டி எதிலும் சேர வேண்டிய அவசரம் இல்லை. பயிற்சிக் காலம் 2023 முதல் இரண்டு ஆண்டாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. அந்த நாட்களில் சிறிய அளவில் உதவித்தொகையும் வரும். நம் நாட்டின் முதல் பெண் கணக்காயராகச் சொல்லப்படுகிற சிவபோகம், சென்னையில் படித்தவர். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்று வந்த பிறகுதான் 1933-இல் அரசின் கணக்கியல் பட்டயத் தேர்வில் தேறினார். அவருக்கும் இடைவெளி இருந்தது.

பெரியப்பாவை எதிரியாக நினைக்காதீர்கள். மாத்திரை முடிகிற வரை வேலைக்கு அனுப்ப மாட்டோம் என்று அம்மாவும் மருத்துவரும் சேர்ந்து சொன்னால் அவரும் ஏற்றுக்கொள்வார். உடம்பு தேறிய பின் கல்லூரி திறக்கும் வரை உள்ளூர் ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் பில் பதிவு செய்யும் வேலை கிடைத்தால் போங்கள். பஞ்சும் தூசியும் பறக்கிற தறிக் கூடத்துக்கு வேண்டாம்.

கேள்வி: என் மகனுக்கு முதல் வகை நீரிழிவு, ஒன்பது வயது முதல் இன்சுலின் போட்டுக்கொள்கிறான். நிதி மேலாண்மைப் பட்டம் படிக்கத் தனியார் கல்லூரியில் மூன்று ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஆகும் என்கிறார்கள். வீட்டுக்காரருக்கு நிரந்தர வேலை இல்லை. கல்விக் கடன் வாங்கலாமா? விடுதியில் விட பயமாகவும் இருக்கிறது.
– வாசகி, சிவகங்கை

பதில்: பொதுவாக 4 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்கு முன்பணமோ சொத்து அடமானமோ தேவையில்லை, பெற்றோர் உடன் கையெழுத்திட்டால் போதும். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காலத்துக்கும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 3 லட்சம் கடனோடு வெளியே வருகிற பி.பி.ஏ. பட்டதாரிக்கு முதல் வேலையில் கிடைக்கிற சம்பளத்தை நினைத்துப் பார்த்தால், பக்கத்து ஊர் அரசு கலைக் கல்லூரியில் பி.காம். சேர்ப்பதே நல்லது என்பேன். விடுதிப் பயமும் அத்தோடு தீரும். அரசு மருத்துவமனையில் இன்சுலின் இலவசம். பயன்படுத்திக்கொண்டிருக்கிற குப்பியைச் சுமார் ஒரு மாதம் குளிர்சாதனப் பெட்டி இல்லாமலும் வைத்திருக்கலாம். நம்மூர் வெயிலில் ஈர மணலுக்கு நடுவே வைத்த மண்பானை போதும். சர்க்கரை திடீரென்று இறங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று அவன் பக்கத்தில் உட்காருகிற ஒருவனுக்காவது தெரிந்திருக்கட்டும். தேர்வறைக்குள் குளுக்கோஸ் கொண்டுபோக முன்னதாகவே எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

கேள்வி: உடல்நலக் குறைவால் இரண்டு ஆண்டு தாமதமாக பி.காம். முடித்தேன். நேர்முகத் தேர்வில் அந்த இடைவெளியைப் பற்றிக் கேட்கும்போது பொய் சொல்லலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: கணக்கு எழுதும் வேலைக்குப் போகிறீர்கள், முதல் பதிவே பொய்யாக இருக்க வேண்டாம். "உடல்நலம் சரியில்லை, சிகிச்சை முடிந்துவிட்டது, இப்போது நலமாக இருக்கிறேன்" என்று மூன்று தொடரில் சொல்லி நிறுத்துங்கள். நோயின் பெயரை அவர்களாகக் கேட்காத வரை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.