டச் விட்டுப்போனால் எல்லாம் போய்விடுமா?

கேள்வி: கல்லூரியில் கணிதத்தை முதன்மைப் பாடமாகப் படித்தவன் நான். வேலை வேறு துறையில் அமைந்துவிட்டதால் 15 ஆண்டுகளாக அந்தப் பக்கமே போகவில்லை. சென்ற வாரம் என் மகள் ஓர் இருபடிச் சமன்பாட்டைக் காட்டி வழி கேட்டபோது, சூத்திரம் நினைவுக்கு வராமல் விழித்தேன். பழக்கம் விட்டுப்போனால் படித்தது இப்படி அடியோடு அழிந்துவிடுமா? படித்ததெல்லாம் வீண்தானா?

பதில்: மனத்தில் தங்கியிருப்பது வேறு, வேண்டிய நேரத்தில் அது கைக்கு வருவது வேறு. ராபர்ட் பியார்க், எலிசபெத் பியார்க் என்ற இரு உளவியலாளர்கள் 1992இல் இவ்விரண்டையும் தனித்தனி வலிமைகளாகப் பிரித்துக் காட்டினார்கள். நன்றாகப் பதிந்த ஒன்றும் பயன்படுத்தாமல் கிடந்தால் எடுக்க முடியாமல் போகும். ஆனால் பதிவு அவ்வளவு எளிதில் தேய்வதில்லை. மகள் முன்னால் நீங்கள் விழித்ததை வைத்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது.

இதை அளந்து பார்க்க ஒரு வழி உண்டு. ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளின் வரிசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, தம்மையே சோதித்து, முடிவுகளை 1885இல் வெளியிட்டார். எத்தனை அசைகள் நினைவிருக்கின்றன என்று மட்டும் அவர் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. அதே வரிசையைத் திரும்பப் படிக்கும்போது முதல் முறையைவிட எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று கணக்கிட்டார். சுமார் 20 நிமிடம் கழித்துப் படித்தபோது 58 சதவீதமும், ஒரு நாள் கழித்து 34 சதவீதமும், 31 நாள் கழித்து 21 சதவீதமும் மிச்சமாயின. தொடக்கத்தில் செங்குத்தாகச் சரிவது பிறகு ஏறக்குறைய சமதரையாகிவிடுகிறது. பயிற்சி வகுப்புகளில் இந்த வரைபடத்தைக் காட்டி, எதைப் படித்தாலும் மூன்றில் இரண்டு பங்கு மறுநாளே பறந்துவிடும் என்று அச்சுறுத்துவது எனக்கு உடன்பாடன்று. அவர் படித்தவை அர்த்தமே இல்லாத ஒலிகள்; புரிந்து படித்த பாடத்துக்கு அந்த எண்களை அப்படியே பொருத்தக் கூடாது.

பாடமாகப் படித்ததைப் பற்றி அறிய உளவியலாளர் ஹாரி பாரிக் 1984இல் வெளியிட்ட ஆய்வு பொருத்தமானது. பள்ளி, கல்லூரிகளில் ஸ்பானிய மொழி கற்ற எழுநூற்றுக்கும் மேற்பட்டோரை, படித்து முடித்து 50 ஆண்டுகள் வரை ஆனவர்கள் உட்பட, அவர் சோதித்தார். தொடக்கத்தில் மூன்று முதல் ஆறு ஆண்டுகள் வரை அறிவு குறைந்துகொண்டே வந்தது. அதன்பின், அந்த மொழியைப் பெரும்பாலோர் தொடாதபோதிலும், எஞ்சியது ஏறத்தாழ 30 ஆண்டுகள் வரை அசையாமல் நின்றது. அதிக ஆண்டுகள் படித்தவர்களுக்கும் நன்றாகப் படித்தவர்களுக்கும் எஞ்சியதும் அதிகம். பட்டப்படிப்பு வரை கணிதம் பயின்ற உங்களுக்கு இது நல்ல செய்தி.

எனவே சூத்திரத்தைத் தேடி உடனே புத்தகத்தைப் புரட்டாதீர்கள். வெற்றுத்தாளில் ஓர் எளிய சமன்பாட்டை எழுதிக்கொள்ளுங்கள்: எக்ஸ் வர்க்கம், கூட்டல் 6 எக்ஸ், கூட்டல் 5, சமம் பூச்சியம். ஐந்தை வலப்பக்கம் தள்ளுங்கள். ஆறில் பாதி மூன்று, அதன் வர்க்கம் ஒன்பது. அதை இருபுறமும் கூட்டினால் இடப்பக்கம் ‘எக்ஸ் கூட்டல் 3’ என்பதன் முழு வர்க்கமாகிவிடும், வலப்பக்கம் நான்கு நிற்கும். விடை கழித்தல் 1, கழித்தல் 5. வர்க்கப் பூர்த்தி முறை என்று அன்று படித்தது இதுதான்; மறந்துபோன சூத்திரமும் இந்த வழியில்தான் பிறக்கிறது. பாதியில் தடுமாறினால் தடுமாறுங்கள், அதன் பிறகு புத்தகத்தைப் பாருங்கள்.

என் அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இளமையில் கற்ற சுருக்கெழுத்தை இருபது ஆண்டுகள் தொடாமல் விட்டிருந்தேன். பழைய குறிப்பேடு ஒன்றைப் பிரித்தபோது, நானே இட்ட கோடுகளும் வளைவுகளும் யாரோ கிறுக்கியவை போலத் தெரிந்தன. மூன்றாம் நாள் மாலையில் ஒரு வரியைத் தடையின்றிப் படித்துவிட்டேன். அதை முதன்முதலில் கற்றபோது அந்த நிலைக்கு வர எனக்கு மாதக்கணக்கில் ஆயிற்று.

கேள்வி: சைக்கிள் ஓட்டுவது பல ஆண்டுகள் விட்டிருந்தும் மறக்கவில்லை. ஆனால் முதலுதவிப் பயிற்சியில் கற்ற இதய இயக்க மீட்பு முறை ஒரே ஆண்டில் குழம்பிவிட்டது. இரண்டும் உடலால் செய்பவைதாமே?

பதில்: உடலால் செய்பவைதாம், ஆனால் ஒரே வகையானவை அல்ல. சைக்கிளில் ஒவ்வோர் அசைவும் அடுத்த அசைவைத் தானாகவே அழைக்கிறது. வண்டி சாய்ந்தால் கை திரும்புகிறது. 1953இல் செய்த மூளை அறுவைக்குப் பிறகு புதிய நிகழ்ச்சி எதையும் நினைவில் நிறுத்த முடியாமற்போன ஹென்றி மொலேசன் என்பவர், கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார். ஆனால் முந்தைய நாள் அதைச் செய்தது அவருக்கு நினைவில்லை. கைத்திறனுக்கு மூளையில் தனி இடம் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

முதலுதவியோ படிகளும் எண்களும் நிறைந்தது: நெஞ்சின் நடுவே 30 அழுத்தங்கள், பிறகு 2 மூச்சுகள், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தங்கள், ஆழம் குறைந்தது 5 சென்டிமீட்டர். இந்த வரிசையை எதிரில் இருப்பது எதுவும் உங்களுக்கு நினைவூட்டாது. மருத்துவப் பணியாளர்களிடமும் இத்திறன் சில மாதங்களிலேயே தளர்வதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. விமானிகள் 90 நாட்களுக்குள் குறைந்தது மூன்று முறை விமானத்தை மேலேற்றித் தரையிறக்கியிருந்தால்தான் பயணிகளை ஏற்றிச் செல்லலாம் என்ற விதி பல நாடுகளில் இருப்பதும் இதே காரணத்தால்தான். ஆண்டுக்கு ஒரு முழுநாள் வகுப்பைவிட, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் பொம்மையின்மேல் பழகிப் பார்ப்பது பயனுள்ளது.

கேள்வி: மறக்காமலிருக்க என் குறிப்பேட்டை மாதந்தோறும் முழுவதும் வாசிக்கிறேன். ஆனாலும் நிற்கவில்லையே?

பதில்: வாசிப்பதை நிறுத்திவிட்டு ஒப்பித்துப் பாருங்கள். ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006இல் நடத்திய சோதனையில், ஒரு பத்தியை இரண்டு முறை படித்தவர்கள் ஒரு வாரத்துக்குப் பின் 42 சதவீதத்தையும், ஒரு முறை படித்துவிட்டு ஒரு முறை நினைவிலிருந்து எழுதியவர்கள் 56 சதவீதத்தையும் திரும்பச் சொன்னார்கள். ஐந்து நிமிடத்துக்குப் பின் சோதித்தபோது மட்டும் இரண்டு முறை படித்தவர்களே முந்தியிருந்தார்கள்; வாசித்த கையோடு எல்லாம் தெரிந்துவிட்டது போல உங்களுக்குத் தோன்றுவது அதனால்தான். குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் கேள்விகளை மட்டும் எழுதி, வலப்பக்கத்தைக் கையால் மூடிக்கொள்ளுங்கள். சரியாகச் சொன்னவற்றை அடுத்த மாதத்துக்கும், தவறவிட்டவற்றை மூன்று நாளுக்கும் தள்ளிவையுங்கள்.