கேளுங்க சொல்றோம்: கொதிக்க வைத்தால் எல்லாம் கரைந்துவிடுமா?

எங்கள் அபார்ட்மெண்ட் போர் தண்ணீர் பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஆனால் கெட்டிலில் கொதிக்க வைத்தால் நாலே நாளில் அடியில் வெள்ளையாக உப்பு பிடிக்கிறது. சூடு பண்ணினால் நன்றாகக் கரையத்தானே வேண்டும்?
– வாசகி, மடிப்பாக்கம்

சர்க்கரைக்கு அது சரி. உங்கள் கெட்டிலில் இருப்பதற்கு நேர் எதிர்! அது சமையல் உப்பே இல்லை, பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல். மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்கே இருக்கும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது, அந்த அமிலம் சுண்ணாம்பைத் தொட்டதும் அதை பைகார்பனேட்டாக மாற்றிக் கரைத்துக்கொள்கிறது. கரைந்த பிறகு கண்ணுக்கு எங்கே தெரியும்? நீங்கள் சுவிட்சைப் போட்டுக் கொதிக்கவிட்டதும் அந்த வாயு வெளியேறிவிடும், பைகார்பனேட் மறுபடி கார்பனேட்டாகும். அதுவோ சுத்தமான தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் கரையும், மீதி அடியில் உட்கார்ந்துவிடும்.

கம்பி நார் போட்டுச் சுரண்டாதீர்கள். வினிகரையோ எலுமிச்சைச் சாறையோ தண்ணீர் கலந்து ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். சின்னச் சின்னக் குமிழாக மேலே வருவது அதே கார்பன் டை ஆக்சைடுதான்.

"கொதிக்க வைத்தால் உப்பு போய்விடும்" என்று யாராவது சொன்னால் பாதிதான் நம்புங்கள். இந்தச் சுண்ணாம்பு போகும். கால்சியம் சல்பேட், குளோரைடு வகையறாவும் சாதாரண உப்பும் போகாது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், அதனால் மிச்சத்தில் உப்பு கொஞ்சம் தூக்கலாகவே ஆகும். குடிதண்ணீரின் மொத்தக் கடினத்தன்மை, அதாவது அதில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியத்தின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 600 வரை போகலாம் என்கிறது இந்திய தர நிர்ணயம். உங்கள் போர் தண்ணீரை ஒருமுறை லேபில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

உப்பு அயனியாக, அதாவது மின்சுமை உள்ள துகள்களாகப் பிரிந்து கரைகிறது என்று படித்தேன். சர்க்கரையில் அயனியே இல்லையே, அது எப்படிக் கரைகிறது? எண்ணெய் மட்டும் ஏன் மிதக்கிறது?
– பிளஸ் ஒன் மாணவர், பெரம்பூர்

நல்ல கேள்வி தம்பி. தண்ணீர் மூலக்கூறு நேர்கோடாக இல்லை, 104.5 டிகிரியில் வளைந்திருக்கிறது. ஆக்சிஜன் பக்கம் லேசாக எதிர்மின், ஹைட்ரஜன் பக்கம் லேசாக நேர்மின். உப்பில் இருக்கும் சோடியத்தை ஆக்சிஜன் முனைகள் சூழ்ந்துகொள்கின்றன, குளோரைடை ஹைட்ரஜன் முனைகள். சர்க்கரையில் அயனி இல்லாவிட்டாலும் ஒவ்வொரு மூலக்கூறிலும் எட்டு ஓ.எச். தொகுதிகள் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடிகள்) இருக்கின்றன, அவை தண்ணீரோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொள்ளும். எண்ணெயில் அப்படிப் பிடித்துக்கொள்ள அநேகமாக ஒன்றுமே இல்லை, அதனால் தண்ணீர் தன் ஆட்களோடு சேர்ந்துகொண்டு அதை ஒதுக்கிவிடுகிறது. மேலே மிதப்பது அடர்த்தி குறைவு என்பதால், அது வேறு கதை.

ஆனால் அயனி என்றாலே கரைந்துவிடும் என்றும் எழுதிவிடாதே. மேலே சொன்ன கால்சியம் கார்பனேட்டும் அயனிகள்தான். இரட்டை மின்சுமை உள்ள அயனிகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருப்பதால் தண்ணீரால் பிரித்து எடுக்க முடிவதில்லை.

வீட்டிலேயே ஒன்று செய்து பார். 100 மில்லி தண்ணீரில் உப்பு சுமார் 36 கிராம் கரையும், கொதிநிலைக்குக் கொண்டுபோனாலும் 39தான். சர்க்கரையோ சாதாரண வெப்பத்திலேயே 200 கிராம் கரையும், கொதிநிலையில் கிட்டத்தட்ட 490! ஜிலேபிப் பாகு ஆறியதும் பூத்துப்போவது ஏன் என்று இப்போது உனக்கே தெரிந்திருக்கும்.

சோப்பு போட்டால் நுரையே வருவதில்லை, பக்கெட் ஓரத்தில் பிசுக்குதான் ஒட்டுகிறது. வாஷிங் பவுடர் மட்டும் நுரைக்கிறது. படிகாரம் போடலாமா?
– வாசகர், திருவான்மியூர்

படிகாரம் கலங்கலைத்தான் தெளிய வைக்கும், கடினத்தன்மையைத் தொடாது. சோப்பு தண்ணீரில் இருக்கும் கால்சியம், மக்னீசியத்தோடு சேர்ந்து கரையாத பொருளாகிவிடுகிறது, அந்தப் பிசுக்கு அதுதான். வாஷிங் பவுடரில் இருப்பது வேறு வகை, அது கால்சியத்தோடு சேர்ந்தாலும் பெருமளவு கரைந்தே இருக்கும். கடல் பக்கத்துப் போர் என்றால் கடல்நீரும் உள்ளே ஏற வாய்ப்புண்டு, கடல்நீரில் லிட்டருக்கு 1.3 கிராம் அளவில் மக்னீசியம் இருக்கிறது. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது 2003-ல். உங்கள் கட்டடத்தில் அந்தக் குழாய் உண்மையிலேயே குழிக்குப் போகிறதா, இல்லை பேருக்கு நிற்கிறதா என்று பாருங்கள்.

வெயிலில் வைத்த சோடாவைத் திறந்தால் ஏன் இப்படிப் பொங்குகிறது?
– வாசகி, வேளச்சேரி

வாயுக்கள் சூட்டில் குறைவாகத்தான் கரையும். சாதாரண காற்றழுத்தத்தில் 0 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 3.3 கிராம் கார்பன் டை ஆக்சைடு கரையும், 25 டிகிரியில் அதில் பாதிகூட இல்லை. ஆக்சிஜனும் இதே ரகம். வீட்டில் மீன் தொட்டி இருந்தால் மே மாத மதியத்தில் ஏர் பம்ப்பை நிறுத்தாதீர்கள்.