தண்ணீரைக் கொட்டியும் நுளம்புக் குடம்பி வருதா? தட்டின் ஓரத்தைப் பாருங்கோ

வெள்ளவத்தைத் தொடர்மாடியில் வாரா வாரம் பூச்சாடித் தட்டைக் கவிழ்த்தும் குடம்பி (நுளம்பின் புழு) வருகுதெண்டு கேட்டிருந்தீங்கள். கொட்டினால் போதாது, தேய்க்க வேணும். டெங்கு நுளம்பு முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தட்டின் ஓரத்தில் ஒட்டிவிடும். மிளகிலும் சின்னக் கறுப்புப் புள்ளிகள். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, அடுத்த மழையில் பொரிக்கும். தும்புத் தூரிகையால் உரசிக் கழுவி, தட்டில் மணல் நிரப்புங்கோ.

அதற்குப் பிறகும் நுளம்பெண்டால் பிரிட்ஜின் பின்பக்கத் தட்டை இழுத்துப் பாருங்கோ. ஆரும் பார்க்காத இடம். பிறகு கூரைப் பீலி. ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் சருகு அடைத்திருக்கிறதா எண்டு தெரியும்.

காய்ச்சல் வந்தால் பரசிட்டமோல் மட்டும். இபுபுரூபன், அஸ்பிரின் வேண்டாம், இரத்தக்கசிவைக் கூட்டும். மூன்றாம் நாளுக்குள் இரத்தப் பரிசோதனை செய்யுங்கோ.