பெடல் அமுங்கினால் டிஸ்க்கை மாற்ற வேண்டுமா?

கேள்வி: களுவாஞ்சிக்குடியில் இருக்கிறேன். 2008 விட்ஸ் கார், முன்னுக்கு டிஸ்க், பின்னுக்கு டிரம். பிரேக் பெடல் பஞ்சு போல அமுங்குகிறது. கண்டிக்குப் போய்விட்டு மஹியங்கனைப் பக்கம் 18 வளைவில் இறங்கும்போது இன்னும் ஆழமாகப் போகிறது. துளை போட்ட டிஸ்க் பூட்டினால் சரிவரும் என்கிறார் நண்பர். பூட்டலாமா?

பதில்: வேண்டாம். அந்தக் காசை வைத்திருங்கள், வேறு வேலை இருக்கிறது.

உங்கள் காலின் அழுத்தத்தைச் சக்கரம் வரை கொண்டுபோவது பிரேக் ஒயில். அது நசுங்காது. நடுவில் காற்றோ ஆவியோ புகுந்தால் அதுதான் நசுங்கும், பெடல் அமுங்கும். இறக்கத்தில் கூடுதலாக அமுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முக்கியமான துப்பு. பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும். டொட் (DOT) என்பது பிரேக் ஒயிலின் தர வகை. டொட் 3 ஒயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தரம். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அது 140 ஆகிவிடும். டொட் 4 என்றால் 230, 155. பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினால் பழைய ஒயில் கொதித்து ஆவியாகும். கீழே வந்து ஆறியதும் பெடல் ஓரளவு திரும்பிவிடுவதால் பலர் அதை மறந்துவிடுகிறார்கள். ஒயில் மாற்றும்வரை அந்தப் பாதையில் போகாதீர்கள். பிறகும் கீழ்க் கியரில்தான் இறங்க வேண்டும்.

குறைந்ததை நிரப்பினால் போதாது, முழுவதையும் மாற்றுங்கள், அதன்பின் 2 வருடத்துக்கு ஒருமுறை. ஒயில் தொட்டி மூடியில் டொட் 3 என்றிருந்தாலும் டொட் 4 ஊற்றலாம். டொட் 5 சிலிக்கோன் வகை, அதைக் கலக்கவே கூடாது. உடைத்து மாதக்கணக்கான போத்தலும் வேண்டாம். குழாய்களில் புகுந்த காற்றை எடுக்கும்போது பெடலை அடிவரை மிதிக்க விடாதீர்கள். பழைய மாஸ்டர் பம்பில் (பெடல் தள்ளும் பிரதான பம்ப்) வழக்கமாக றப்பர் வாஷர் போகாத இடம் துருப்பிடித்திருக்கும், அங்கே உரசி வாஷர் கிழியும். பெடலுக்குக் கீழே ஒரு பலகைத் துண்டு வைத்தால் சரி.

கராஜுக்குப் போகுமுன் நீங்களே பார்க்கலாம். இரண்டு தரம் அடுத்தடுத்து மிதியுங்கள். இரண்டாம் தரம் பெடல் உயர்ந்து கல்லாக நின்றால் பெரும்பாலும் பின் டிரம்மில் லைனர் (டிரம்மோடு உரசும் பட்டை) இடைவெளி கூடியிருக்கிறது, அட்ஜஸ்ட் பண்ண வேண்டும். உயர்ந்தும் மெத்தென்று இருந்தால் காற்று. அழுத்திப் பிடித்திருக்க மெல்லமெல்ல இறங்கினால் எங்கோ கசிவு, அல்லது மாஸ்டர் பம்ப் வாஷர் போய்விட்டது. அப்படியென்றால் காரை எடுக்காதீர்கள்.

மேம்படுத்தத்தான் வேண்டுமென்றால் றப்பர் ஹோஸ்களை மாற்றுங்கள். இத்தனை வருடத்தில் அவை மிதிக்கும்போது வீங்கும். கம்பி பின்னிய ஹோஸ் கிடைத்தால் பெடல் இன்னும் இறுக்கமாக இருக்கும்.

கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றில் கலிப்பர் (டிஸ்க்கைப் பிடிக்கும் கவ்வி) நகரும் பின் இறுகுவது சாதாரணம். ஒரு பக்கப் பாட் (டிஸ்க்கோடு உரசும் கட்டை) மட்டும் தேய்ந்திருந்தால் அது காரணமாக இருக்கலாம். கழற்றித் துடைத்து சிலிக்கோன் கிரீஸ் பூசச் சொல்லுங்கள், சாதாரண கிரீஸ் றப்பரை ஊதவைக்கும். பாட் 3 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் புதிது.

துளை டிஸ்க்கா? பாட் உரசும் பரப்பு குறையும், துளையோரம் வெடிப்பு வரலாம். விட்ஸுக்கு லாபம் ஒன்றுமில்லை, அழகுக்கு என்றால் வேறு கதை. இன்னும் குறுகிய தூரத்தில் நிற்க வேண்டுமென்றால் நல்ல ரயர் நான்கு வாங்குங்கள்.

இதைப் படிக்கும் அக்வாக்காரருக்கு ஒன்று: ஹைபிரிட்டில் காற்று எடுக்க ஸ்கேனர் (காரின் கணினியோடு இணைக்கும் கருவி) வேண்டும், அது இல்லாத கராஜில் கொடுக்காதீர்கள்.