மேடு ஏறும்போது சத்தம்: நாக் சென்சார் மாற்ற வேண்டாம்

வணக்கம். உங்கள் 1991 புரோட்டோன் சாகா 1.3 கார், பினாங்கில் ஆயர் ஈத்தாமிலிருந்து பாலிக் பூலாவ் மேடு ஏறும்போது கிணிகிணி என்று சத்தம் போடுகிறது, நாக் சென்சாரை (பெட்ரோல் கலவை சிலிண்டருக்குள் தாறுமாறாக வெடித்து எழும் தட்டலான நாக்கைக் கண்டுபிடிக்கும் கருவி) மாற்றச் சொன்னார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து பணம் கொடுக்காதீர்கள். கார்புரேட்டர் சாகாவில் அந்தச் சென்சாரே கிடையாது. புதுக் காடிகளில் இன்ஜின் அதிர்வைச் சென்சார் கண்டுபிடித்ததும் கணினி டைமிங்கை, அதாவது பிளக்கில் பொறி வரும் நேரத்தை, பின்னே தள்ளும் (தாமதமாக்கும்). உங்களுடையதில், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைகளும் ஸ்பிரிங்குகளும், இன்ஜினின் உறிஞ்சு விசையால் நகரும் வேக்குவம் டயஃப்ரமும்தான் டைமிங்கை மாற்றுகின்றன. நாக் வந்தால் அவற்றுக்குத் தெரியாது.

முதலில் டைமிங் லைட் (பொறி வரும்போதெல்லாம் மின்னி, இன்ஜின் புல்லியில் உள்ள டைமிங் குறியைக் காட்டும் விளக்கு) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காதால் கேட்டு வைப்பதை நான் நம்புவதில்லை. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ஐடிலில் முதல் சிலிண்டர் வயரில் மாட்டிப் பார்க்க வேண்டும். சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவைவிட முன்னே இருந்தால், போல்ட்டைத் தளர்த்தி டிஸ்ட்ரிபியூட்டரை அதனுள் இருக்கும் ரோட்டர் சுழலும் திசையிலேயே கொஞ்சம் திருப்பினால் டைமிங் பின்னே போகும். அளவுக்கு மேல் பின்னே தள்ளாதீர்கள். இழுவை குறையும், எக்ஸாஸ்ட் சூடேறும்.

ஐடிலில் சரியாக இருந்தும் மேட்டில் சத்தம் வருகிறதா? அப்போது ஆக்சிலரேட்டரைக் கூட்டி, குறி எப்படி நகர்கிறது என்று பாருங்கள். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் சீக்கிரமே முன்னே ஓடிவிடும். பழைய டிஸ்ட்ரிபியூட்டர்களில் இதைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

அப்புறம், ஒரு டேங்க் ரோன் 97 (நாக்கை அதிகம் தாங்கும் பெட்ரோல்) ஊற்றிப் பாருங்கள். சத்தம் குறைந்தாலும் காரணம் தீர்ந்தது என்று விட்டுவிடாதீர்கள். ரேடியேட்டர், பிளக், உள்ளே படிந்த கரி ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். அதுவரை மேட்டில் கியரைக் குறைத்து ஏறுங்கள்.