வாடகை வீட்டுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: வீடற்ற குடும்பங்களுக்கான காப்பகம் ஒன்றில் தன்னார்வலராக இருக்கிறேன். நான் துணையாக நிற்கும் குடும்பத்தில் ஒரு தாய், பள்ளி செல்லும் இரண்டு குழந்தைகள். தாய்க்கு இப்போது துப்புரவு வேலை கிடைத்திருக்கிறது. தரகர் ஒருவர் சிறிய வீடு ஒன்று இருப்பதாகச் சொல்கிறார். உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறாராம். இரண்டு நாளுக்குள் முன்பணம் கட்டி, நான் ஜாமீன் கையெழுத்தும் போட்டால் சாவி வந்துவிடுமாம். போடலாமா? மறுத்தால் அந்தக் குழந்தைகளின் முகத்தில் எப்படி விழிப்பேன்?

பதில்: போடாதீர்கள். முன்பணமும் கட்டாதீர்கள், அந்தத் தாயையும் கட்ட விடாதீர்கள்.

முதலில் தரகர். உரிமையாளர் வெளிநாட்டில், அவகாசம் இரண்டு நாள், சாவி பணத்துக்குப் பிறகு: இந்த மூன்றும் ஒரே வாயிலிருந்து வந்தால் அங்கே வீடே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். வேறு யாரோ போட்ட விளம்பரத்திலிருந்து படத்தை எடுத்துக் காட்டுவார்கள். இன்னும் துணிந்தவர்கள், சில நாளுக்கு மட்டும் வாடகைக்கு எடுத்த வீட்டைத் திறந்தே காட்டி, வந்த குடும்பங்கள் எல்லாரிடமும் முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்துவிடுவார்கள். காப்பகத்தில் இருப்பவர்களையே இவர்கள் தேடி வருவதற்குக் காரணம் உண்டு. பல வாசல்களில் இல்லை என்ற சொல்லைக் கேட்டுவிட்டு வந்த தாய், ஆம் என்று சொல்பவரிடம் கேள்வி கேட்கத் தயங்குவார். ஏமாந்தாலும் காவல் நிலையப் படி ஏற அஞ்சுவார். கூடவே மாதச் சம்பளம் வாங்கும் தன்னார்வலர் ஒருவரும் நின்றால் அவர்களுக்கு இரட்டை லாபம்.

வீட்டின் உள்ளே போய்ப் பார்க்காமல் ஒரு காசும் தரக்கூடாது. அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். சொத்துப் பதிவில் உள்ள பெயர், ஒப்பந்தத்தில் உள்ள பெயர், பணம் போகும் வங்கிக் கணக்கின் பெயர் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். தரகுப் பணம் சாவி கைக்கு வந்த பிறகுதான். உதவித்தொகை விண்ணப்பத்தை எழுதித் தர, வேலைக்குப் பெயர் பதிய என்று சொல்லிப் பணம் பறிப்பவர்களும் இதே கூட்டம்தான். அசல் ஆவணங்களை வாங்கி வைத்துக்கொள்பவர் இன்னும் ஆபத்தானவர். பிறப்புச் சான்றிதழ் போனால் பள்ளி, வங்கி, வேலை மூன்றிலும் தடை விழலாம்.

இனி கையெழுத்து. பெரும்பாலான நாடுகளின் சட்டப்படி, ஜாமீன் நிற்பவரின் கடன் வாடகைதாரரின் கடனுக்குச் சமம். பல இடங்களில் உரிமையாளர் வாடகைதாரரை விட்டுவிட்டு நேராக உங்கள் வாசலுக்கு வரலாம். வாடகைப் பாக்கி மட்டுமல்ல, உடைந்த கதவும் உங்கள் கணக்கில் ஏறும். பணத்தைவிட இன்னொன்றுதான் எனக்கு முக்கியம். ஒரு மாதம் வாடகை குறைந்தால் அந்தத் தாய் முதலில் அழைக்க வேண்டியது உங்களை. நீங்களே ஜாமீன்தாரர் என்றால் உங்களிடம்தான் முதலில் மறைப்பார். விஷயம் உங்களுக்குத் தெரியும்போது காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் வந்திருக்கும்.

ஒரே ஒரு விதிவிலக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், அரைகுறையாகப் புரிந்துகொண்டால் தீங்கு. நிஜமான உரிமையாளர் நேரில் வந்து, வீடும் சரியாக இருந்து, ஜாமீன் மட்டுமே குறை என்றால், வரம்புள்ள ஜாமீன் தரலாம். வரம்பு என்றால் தொகைக்கும் காலத்துக்கும் இரண்டுக்கும். உதாரணமாக, இரண்டு மாத வாடகைக்கு மேல் பொறுப்பில்லை, ஆறு மாதத்துடன் முடிகிறது என்று எழுத்தில் வர வேண்டும். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டால் ஜாமீன் தானாகத் தொடராது என்றும் எழுத வேண்டும்; பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். ஒரு மாதம் பாக்கி விழுந்தாலே உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் சேருங்கள். அந்தத் தொகை முழுவதும் போனாலும் உங்கள் வீட்டில் அடுப்பு எரியும் என்றால் மட்டும் போடுங்கள். வாய்வார்த்தையாக வரம்பு சொல்லிவிட்டு, தாளில் அது இல்லையென்றால் வரம்பே இல்லை. காப்பகம் நடத்தும் அமைப்பின் பெயரில் ஜாமீன் தர முடியுமா என்று அதற்கும் முன்னால் கேளுங்கள். தனி மனிதர் தலையில் விழ வேண்டிய சுமை அல்ல இது.

அப்படிக் கேட்டால் பல அமைப்புகள் கையை விரிக்கும். எனக்குப் பொறுமை போவது இங்கேதான். எத்தனை குடும்பங்கள் வெளியேறின என்று கணக்குக் காட்டுகிறார்கள். அடுத்த ஆண்டு எத்தனை திரும்பி வந்தன என்று கேட்டால் பதில் இல்லை. முகவரி இல்லாமல் ஆவணம் இல்லை, ஆவணம் இல்லாமல் முகவரி இல்லை என்று ஒரு தாயை மாதக்கணக்கில் அலையவிடுகிறார்கள். முதலில் தகுதியைக் காட்டு, பிறகு வீடு என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. அமெரிக்க அரசின் வீட்டுவசதித் துறை 12 இடங்களில் 2,282 குடும்பங்களை மூன்றாண்டு தொடர்ந்து கவனித்து, 2016-ல் அறிக்கை வெளியிட்டது. நீண்டகால வாடகை உதவி பெற்ற குடும்பங்களில் வீடிழப்பு பாதிக்கும் கீழே குறைந்தது. பயிற்சியும் கண்காணிப்பும் சேர்ந்த இடைக்காலத் தங்குமிடங்கள் வேலையிலோ வருமானத்திலோ சொல்லத்தக்க மாற்றம் எதையும் தரவில்லை. பின்லாந்து 2008 முதல் தங்கும் விடுதிகளைக் குறைத்து, சொந்தப் பெயரில் ஒப்பந்தமுள்ள வாடகை வீடுகளாக மாற்றியது. இத்தனைக்குப் பிறகும் விடுதிக் கட்டில்களை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் கையால் ஆவது வேறு. வாடகை பல நேரம் தவறுவது குழந்தைக்குக் காய்ச்சல் வந்து தாய் வேலைக்குப் போகாத வாரத்தில். அந்த நாளில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேரை இப்போதே காப்பகத்தின் மூலம் ஏற்பாடு செய்யுங்கள். சம்பளத்தில் ஒரு சிறு பகுதி தாயின் பெயரிலுள்ள கணக்கில் சேரட்டும். உங்கள் பெயரில் வேண்டாம், எவ்வளவு நல்ல எண்ணமிருந்தாலும். கூடுதல் வேலை நேரத்துக்கு ஒப்புக்கொள்ளும் முன் உதவித்தொகை எந்த வருமானத்தில் நின்றுபோகும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சில இடங்களில் சம்பளம் கொஞ்சம் ஏறியதும் உதவி மொத்தமாக நின்று, முன்னைவிடக் கையில் குறைவாக வரும்.

குழந்தைகள் முகத்தில் விழிப்பது பற்றிக் கேட்டீர்கள். தாயிடம் நேராகப் பேசுங்கள், அவருக்குத் தெரியாமல் தரகரை விரட்டாதீர்கள். மூன்று பெயர்களையும் ஒப்பிட வேண்டும் என்று அவரே தரகரிடம் கேட்கட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். வேறு வீடு அமையும்வரை காப்பகத்தில் தங்கும் காலத்தை நீட்டித்துத் தர வேண்டும் என்று இந்த வாரமே எழுத்தில் விண்ணப்பித்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிவிடுங்கள்.